பூஜைக்கு உட்கார்ந்த பழைய கம்ப்யூட்டர்

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஒரு துர்காஷ்டமி அன்று காலையில் ஆரம்பித்தது இது. திருவனந்தபுரத்தில், கரமனையிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிஷ தூரத்தில், காது கேட்கும் கருவி பொருத்தித் தருகிற ஒரு சின்ன சென்டரில் நான் வேலை பார்க்கிறேன். அங்கே இருப்பது இரண்டே பேர். காதைப் பரிசோதிக்கிற மேடம் ஒருவர். மற்ற எல்லாவற்றுக்கும் நான். டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது, கருவியைத் துடைத்து பேட்டரி மாற்றுவது, மேடம் சொல்கிற அளவுகளைக் கம்ப்யூட்டர் வழியாகக் கருவியில் ஏற்றுவது என்று எல்லாம் என் தலையில்தான். பதினோரு வருஷ சர்வீஸ் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதிலும் சுத்தம் என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு பழைய பேப்பரை இரண்டு நாள் என் கண்ணில் படும்படி வைத்திருக்க யாருக்கும் தைரியம் கிடையாது.

அந்த மாதம் சென்டருக்கு இரண்டு புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. தட்டையாக, சத்தமே இல்லாமல், பார்க்கவே அழகாக இருந்தன. மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் மட்டும் பாக்கி. பெரிய பெட்டி, மஞ்சளடித்துப்போன பிளாஸ்டிக், ஆன் செய்தால் விமானம் கிளம்புகிற மாதிரி ஓர் இரைச்சல். அதில் ஒரே ஒரு பழைய சாப்ட்வேர் இருந்தது. கம்பெனியே கைவிட்டுவிட்ட ஒரு பழைய மாடல் கருவிக்கு மட்டும் உதவுகிற சாப்ட்வேர். அந்த மாடலை வைத்திருந்தவர்கள் மொத்தமே நாலு பேர். ஆறு வருஷமாக அவர்களில் ஒருவர்கூட எங்கள் படியேறவில்லை.

நவராத்திரிக்காக மேடம் கோழிக்கோட்டில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் புறப்படும்போது, "அதில் ஏதாவது வேண்டியது இருக்கிறதா?" என்று கேட்டார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒன்றும் இல்லை மேடம்" என்றேன்.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களையும் தொழில் சாமான்களையும் பூஜைக்கு வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் பூஜை முடித்து எடுக்கும்வரை யாரும் அவற்றைத் தொடமாட்டார்கள். படிப்பது, எழுதுவது எதுவும் கிடையாது. பூஜைக்கு முன்னால் ஆபீஸைத் துடைத்து வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரே வேகம். பழைய சாமான் கடையை இங்கே ஆக்கிரிக்கடை என்பார்கள். போன் செய்தேன். பத்து மணிக்கு ஆட்டோவில் ஆள் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். காலியான மூலையைப் பெருக்கி, ஈரத்துணி போட்டுத் துடைத்து, இடுப்பில் கை வைத்து நின்று ரசித்தேன். அத்தனை திருப்தி.

பதினொன்றரை மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு ஒரு தம்பதி வந்தார்கள்.

பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கணவர் பாறசாலைப் பக்கம் வாழைத் தோட்டம் வைத்திருக்கிறவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஊர் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவர். அங்கே எல்லோருக்கும் அவர் கொயர் மாஸ்டர். அந்த நாலு பேரில் ஒருவர். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, அதே பழைய மாடல் கருவியை மேஜைமேல் வைத்தார்.

விஷயத்தைச் சொன்னது அவர் மனைவிதான், ஏனென்றால் அவருக்கு அப்போது எதுவும் கேட்கவில்லை. தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும்போது கருவி வாய்க்காலில் விழுந்துவிட்டது. எங்கெங்கோ அனுப்பி, கடைசியில் கொச்சியில் ஒருவர் வேறொரு பழைய கருவியின் உள்பாகத்தை மாற்றிப்போட்டு உயிர் கொடுத்துவிட்டார். ஆனால் உள்ளே பதிந்திருந்த அளவுகள் எல்லாம் போய்விட்டன. இவர் காதுக்கென்று வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி வைத்த அளவுகள். அவை இல்லாமல் போட்டால் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி கேட்கிறதாம்.

நான் சிரித்தபடி, புதுக் கருவிகள் எவ்வளவோ நன்றாக வந்திருக்கின்றன என்று ஆரம்பித்தேன். அந்தம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். வருகிறவர்களுக்கு நானும் மேடம்தான்.

"புதுசு ஒரு மாசம் போட்டுப் பாத்தாச்சு மேடம். பேசினா நல்லாக் கேக்கு. ஆனா ஆர்மோனியத்துல கட்டைய நீட்டிப் பிடிச்சா ஆட்டுக்குட்டி கத்துன மாதிரி நடுங்குதாம். இவியளுக்குப் பாட்டுக்கு இதுதான் வேணும்."

அது உண்மைதான். நீண்ட ஸ்வரத்தை விசில் சத்தம் என்று நினைத்து அமுக்கப் பார்க்கிற குணம் பல புதுக் கருவிகளுக்கு உண்டு. மேடமே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"வாற ஞாயித்துக்கெழம எங்களுக்கு அறுப்பின் பண்டிக. நாலு குரல்ல பாட்டு வச்சிருக்காவ. அதுக்குள்ள காது சரியாவல்லன்னா கொயர விட்டுருவாவளாம். அய்யருக்கு லெட்டரே எழுதிப் பையில வச்சிருக்காவ" என்றார். அய்யர் என்றால் அவர்களுக்குச் சர்ச் போதகர்.

அவர் சட்டைப் பையைப் பார்த்தேன். நாலாக மடித்த வெள்ளைத்தாள் ஒன்று எட்டிப் பார்த்தது. மனைவி என்ன சொல்கிறார் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, தாளை உள்ளே தள்ளிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னை என்னவோ செய்தது.

என் கண் தானாக மூலைக்குப் போனது. பளபளவென்று காலியாக இருந்தது.

உடனே உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. "உட்காருங்கள், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் புதுக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கு நின்றேன். பழைய சாப்ட்வேரின் சிடி அலமாரியில் இருந்தது. ஆனால் புதுக் கம்ப்யூட்டரில் சிடி போட இடமே இல்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் சிடி டிரைவ் இரவல் வாங்கிவந்து மாட்டினேன். இந்தக் கம்ப்யூட்டரில் இந்தப் புரோகிராம் ஓடாது என்று இங்கிலீஷில் மரியாதையாகப் பதில் வந்தது. சர்வீஸ் இன்ஜினியர் போனில் சொல்லச் சொல்ல ஏதேதோ செய்து ஒருவழியாக அது திறந்தது. இனி கருவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் மாட்டுகிற டப்பா வேண்டும். சோப்புப் பெட்டி அளவுதான், அதுவும் அலமாரியில் இருந்தது. அதன் வாலில் ஒன்பது ஓட்டை உள்ள பெரிய பிளக். புதுக் கம்ப்யூட்டரின் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தேன். அதற்கான ஒன்பது பின் எங்கேயும் இல்லை. மாற்று ஒயர் ஒன்று போட்டும் டப்பாவில் விளக்கு எரியவில்லை. அப்படியே எரிந்திருந்தாலும் பிரயோஜனமில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அவருடைய அளவுகள் பழைய கம்ப்யூட்டரின் வயிற்றில் அல்லவா இருக்கின்றன!

மணி நாலாகிவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தம்மா கொண்டுவந்த மட்டி வாழைப்பழத்தில் எனக்கும் நாலு உரித்துக் கொடுத்தார். அதைத் தின்றுகொண்டு பொய் சொல்ல முடியவில்லை. "இன்று காலையில்தான் நான் அதை ஆக்கிரிக்குப் போட்டேன்" என்று சொல்லிவிட்டேன். மேடத்துக்கும் போன் செய்து ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, முதலில் போய் அதைப் பிடி என்று மட்டும் சொன்னார்.

மூன்று பேரும் ஓர் ஆட்டோவில் ஏறி ஆக்கிரிக்கடைக்குப் போய்ச் சேரும்போது விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. கடைக்காரர் ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். அவர் என்னைச் சேச்சி, அதாவது அக்கா, என்றார், நான் அவரைச் சேச்சி என்றேன். வயதை ஒப்புக்கொள்ள இரண்டு பேருக்கும் மனசில்லை. என் பெட்டியைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்து உள்ளே கையைக் காட்டினார்.

சரஸ்வதி படம், குத்துவிளக்கு, பக்கத்தில் தராசு, எடைக்கற்கள், ஸ்பேனர், சுத்தியல். அத்தனைக்கும் நடுவில், செவ்வரளி மாலை போட்டுக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது எங்கள் கம்ப்யூட்டர்.

"இன்னு வந்நதில் வெச்சு நல்ல சாதனம் இதாயிருந்நு. பூஜைக்கு வெச்சு போயல்லோ சேச்சீ. இனி தசமிக்கு எடுக்காம்."

அன்று வந்த சாமான்களிலேயே அதுதான் நல்ல சாமானாம். மரியாதை செய்யப் பூஜையில் வைத்துவிட்டாராம். இனி வெள்ளிக்கிழமை தசமிக்குத்தான். நான் என்ன வாதாட முடியும்? மத்தியானம் நானே கரமனை வீட்டில் பிள்ளைகளின் புத்தகங்களைப் பூஜையில் வைக்கச் சொல்லி, ஒருத்தரும் கை வைக்கக் கூடாது என்று போனில் அதட்டியவள். பூஜையில் வைத்ததை எடுங்கள் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

அந்தம்மா கணவரின் காதருகே போய், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்: "சாமிக்கு வச்சாச்சாம்! வெள்ளிக்கெழமதானாம்!"

அவருக்குப் புரிந்ததும் முகம் சுண்டிப்போகும் என்று நினைத்தேன். அவரோ மாலை போட்ட கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "வச்சத எடுக்காண்டாம். நாங்களும் படைக்க வச்ச காய்கறிய ஆராதன முடியாம தொடமாட்டோம். எனக்கு ஞாயித்துக்கெழமதான? பாத்துக்கிடலாம்" என்றார். கடைக்காரச் சேச்சிக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே பூஜையை எடுத்துவிடுகிறேன், வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

நடுவில் ஒரு முழு நாள் இருந்தது. நவமி அன்று நான் பட்ட பாடு சாமிக்குத்தான் தெரியும். படிக்கக்கூடாது, எழுதக்கூடாது, கவலைப்படுவதற்கு மட்டும் தடை இல்லையே. சுண்டலில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். என் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஊர்ல எல்லாராத்துலயும் புஸ்தகத்தப் பூஜைல வெப்பா. நீ ஒரு மனுஷரோட காதையே பூஜைல வெச்சுட்டு வந்திருக்கே!" என்றார். கேலியாகத்தான் சொன்னார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு நான் போனபோது அவர்கள் எனக்கு முன்னாலேயே வந்து நின்றார்கள். கூடவே ஒரு வாழைக்குலையும் வந்திருந்தது. பூஜை முடிந்தது. பூஜையை எடுத்ததும் முதல் வேலையாக எல்லோரும் அரிசியில் எழுத வேண்டும், அதுவும் இங்கே வழக்கம். கடைக்காரச் சேச்சி தட்டில் அரிசியைப் பரப்பி எங்கள் மூன்று பேரையும் விடாமல் உட்காரவைத்தார். நான் பிள்ளையார் சுழி போட்டு எழுதினேன். வாழைத் தோட்டக்காரர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, கொயர்க்காரர்கள் ஸ்வரங்களுக்கு எழுதுகிற எட்டுச் சின்ன எழுத்துகளை ஒரு கோடாக எழுதினார். அவலும் பொரியும் தின்ற பிறகு பெட்டியை மேஜையில் ஏற்றினோம்.

வட்டப் பிளக் உள்ள பழைய கீபோர்டு வேண்டும் என்றேன். சேச்சி ஒரு குவியலில் கையை விட்டு ஆறு கீபோர்டு எடுத்துப்போட்டார். மானிட்டர் மூன்று. உலகத்தில் எந்த ஆபீஸிலும் எனக்கு இப்படி ஒரு வசதி கிடைத்ததில்லை. கம்ப்யூட்டர் அதே விமான இரைச்சலோடு உயிர் வந்து, பழைய நீலத் திரையைக் காட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள். கையோடு கொண்டுபோயிருந்த டப்பாவின் பிளக்கை எடுத்துப் பின்னால் மாட்டப்போனேன். உள்ளே போகவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தால், அந்த ஒன்பது பின்னும் சந்தனத்தில் முழுகி, இரண்டு நாள் காய்ந்து கல்லாகி இருந்தன. நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வேறு. சேச்சி கம்ப்யூட்டரை முதுகு வெளியே தெரிகிற மாதிரி வைத்து, முதுகுக்குப் பூஜை செய்திருக்கிறார்! ஏன் இப்படி என்று கேட்டால், ஆக்கிரிக்காரர்களுக்குப் பின்பக்கம்தான் முகமாம். சாமான் முழுக்க அங்கேதானே இருக்கிறது என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது.

எங்கள் தொழிலில் கருவிக்குள் அடைத்த காது அழுக்கை எடுக்க ஒரு குட்டி பிரஷ் உண்டு. பையில் வைத்திருந்தேன். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஸ்பிரிட்டில் நனைத்து, ஒவ்வொரு பின்னாகச் சுரண்ட ஆரம்பித்தேன். ஒரு பின் வளைந்தாலும் கதை முடிந்தது. கொயர் மாஸ்டர் டார்ச் பிடித்தார், அவர் மனைவி விசிறினார், சேச்சி நிமிஷத்துக்கு ஒரு தடவை "என்டே தேவீ" என்றார். அரை மணி நேரம் ஆனது. கடை முழுக்கச் சந்தன வாசனை.

மறுபடி மாட்டினேன். டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தது.

மேடத்தை வீடியோ காலில் கூப்பிட்டு, போனைத் திரைக்கு நேராகச் சாய்த்து வைத்தேன். நாலு பெயர்கள் வந்தன. மூன்றாவது பெயரைத் திறந்தேன். அவர் காதின் அளவுகள் எல்லாம், ஆறு வருஷம் முன்பு விட்ட இடத்திலேயே, பத்திரமாக இருந்தன. மேடம் பார்த்து, ஏற்று என்றார். பொத்தானை அழுத்தினேன். கருவியை அவர் காதில் நானே வைத்தேன்.

அவர் முதலில் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார். பிறகு தெருவில் ஹாரன் அடித்த பஸ்ஸை. அதன் பிறகு மனைவி பக்கம் திரும்பி, பாடு என்று கையைக் காட்டினார். அந்தம்மா அங்கேயே, பழைய இரும்புக்கும் உடைந்த மின்விசிறிகளுக்கும் நடுவில் நின்று, ஞாயிற்றுக்கிழமைப் பாட்டில் தன் பாகத்தைப் பாட ஆரம்பித்தார். நல்ல கனமான குரல். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், நாலாவது வரியில் சட்டென்று விரலைத் தூக்கினார்.

"நில்லு. அந்த எடத்துல நீ எறங்கிப் போற. ரெண்டு வாரமா இப்பிடித்தான் பாடிட்டு இருக்கியா?"

"பின்ன? கேட்டாத்தான சொல்லுவிய!" என்று அந்தம்மா சொன்னாரே பார்க்கலாம். சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். சேச்சியும் அழுதார். போனுக்குள் மேடமும் மூக்கை உறிஞ்சினார். நான் அழவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

அப்போதுதான் எனக்கு ஒரு புத்தி வந்தது. மெஷினை நம்பித்தானே இத்தனை கூத்து, இந்த எண்களைக் கையால் எழுதி வைத்துவிடுவோம். "ஒரு பேப்பர் இருந்தால் கொடுங்களேன்" என்றேன். சேச்சி தேடிப்பார்த்தார், கடையில் இருந்த காகிதமெல்லாம் கட்டுக்கட்டாகக் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தது. கொயர் மாஸ்டர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். நாலாக மடித்த அந்தத் தாளை எடுத்து, பிரித்து, எழுத்து இருந்த பக்கத்தை மேஜையில் கவிழ்த்து என் முன்னால் நீவி வைத்தார்.

"பொறத்தால எழுத்தொண்ணும் இல்ல. எழுதுங்க மேடம்" என்றார்.

அவர் மனைவி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுதினேன். பதினான்கு எண்கள். என் கையெழுத்து அவ்வளவு அழகாக அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் கடைக்காரச் சேச்சியும் பஸ் பிடித்துப் பாறசாலைக்குப் போனோம். சர்ச் வாசல் முழுக்க வாழைக்குலையும் மரச்சீனிக்கிழங்கும் பூசணிக்காயும். அந்தம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து பிராக்டீஸ்ல ஒருத்தர விடாம ஏசிட்டாவ மேடம். கொயருக்கு ஒரே சந்தோசம்!" என்றார். கொஞ்ச நேரத்தில் நாலு குரலும் ஒன்றாக எழுந்தன. எனக்கு அந்தச் சங்கீதம் தெரியாது. ஆனால் அவர் கையை உயர்த்தி ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்க வைத்தபோது, அது நடுங்காமல் நின்றது எனக்கே தெரிந்தது. சேச்சி என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

பிறகு சர்வீஸ் இன்ஜினியர் வந்து, அந்தப் பழைய டிஸ்க்கை அப்படியே புதுக் கம்ப்யூட்டருக்குள் குடியேற்றினார். ஒன்பது பின் உள்ள ஒரு கார்டையும் உள்ளே பொருத்தினார். இப்போது எங்கள் தட்டைத் திரையில் ஒரு ஜன்னலைத் திறந்தால் அந்தப் பழைய நீலத் திரை எட்டிப் பார்க்கிறது, விமானச் சத்தம் மட்டும் இல்லை. பழைய பெட்டியைச் சேச்சி யாருக்கும் கொடுப்பதில்லை. ஒவ்வொரு வருஷமும் பூஜையில் வைக்கிறார், முகத்தை முன்பக்கம் திருப்பி. நானும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைக்கிறேன், ஒரு சின்னப் பொட்டு, எந்த ஓட்டையும் இல்லாத இடமாகப் பார்த்து.

அந்தத் தாள் இன்றும் என் மேஜை டிராயரில், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. கருவியைச் சோதிக்க அவர் வரும்போதெல்லாம் எடுத்து எண்களைச் சரிபார்க்கிறேன். மறுபக்கம் போதகருக்கு எழுதியிருப்பதை நான் படித்ததில்லை, அவரும் திருப்பிக் கேட்டதில்லை. இப்போதும் சுத்தம் செய்கிற வேகத்தில் எதையாவது பழசு என்று தூக்கிப்போடக் கை நீளும்போதெல்லாம், இதற்குள் யாருடைய காதாவது இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் தொடுகிறேன்.